நினைவு தப்பிய மெஷின்

அத்தியாயம் 6

எண்களைக் கேட்டுத் தானே இரும்பு வெட்டும் அந்த மெஷினிங் சென்டருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. பெயின்ட் பளபளத்தது. கண்ணாடிக் கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை விழித்துக்கொண்டது. தான் யார், தன் மேடை எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் நகரும் என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை. திரையில் சிவப்பு எச்சரிக்கை. அடுத்த பக்கத்தைத் தள்ளினால் வரிசையாகப் பூஜ்யம். அதற்கடுத்த பக்கத்திலும் பூஜ்யம்.

"என்னோட பத்தாங்கிளாஸ் கணக்குப் பேப்பர் மாதிரியே இருக்கு," என்றான் கிரீஸ்.

ஒன்பது வருடம் பட்டறை பட்டறையாக ஏறி மெஷின் எண்ணெய் விற்றவன் என்பதால் அந்தப் பெயர். எண்ணெய் கம்பெனி அவனை விட்டபோது அண்ணி பிடித்துக்கொண்டாள். அண்ணனின் மனைவி பழைய மெஷின்களைப் பார்த்து மதிப்புச் சொல்லும் சர்வேயர். மதிப்புச் சொல்லப் போன இடங்களில் மூன்று திருட்டையும் ஒரு தீவைப்பையும் கண்டுபிடித்துத் தொலைத்தாள். அதிலிருந்து மெஷினைப் பார்க்கக் கூப்பிடுகிறவர்களைவிட ஆளைப் பார்க்கக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்று கூப்பிட்டவர் பழைய லேத்தும் மில்லிங்கும் வாங்கி விற்கும் வியாபாரி. ஊரே அவரைக் கேரண்டி என்றுதான் சொல்லும். வாயைத் திறந்தால் கேரண்டி. பில்லில் மட்டும் 'இருப்பது இருந்தபடி, பார்த்து வாங்கவும்' என்று அச்சடித்திருப்பார்.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?" என்றார் கேரண்டி. "சனிக்கிழமை ஓடிச்சும்மா. வாங்க வந்த வால்வு கம்பெனி அம்மா கண்ணு முன்னாடி வெண்ணெய் வெட்டற மாதிரி வெட்டிச்சு. திங்கக்கிழமை என் மெக்கானிக்கைக் கணக்கு முடிச்சு அனுப்பினேன். இன்னிக்கு வியாழன். சுவிட்சைப் போட்டா பிணம். கேரண்டியா அவன் வேலைதான்."

"எதுக்கு அனுப்பினீங்க?" அண்ணி கேட்டாள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா."

"சம்பந்தம் இல்லாததைத்தான் நான் முதல்ல கேப்பேன்."

கேரண்டி தலையைச் சொறிந்தார். "மிஷின் எத்தனை வருஷம் ஓடினதுன்னு அந்தம்மா கேட்டாங்க. எட்டுன்னேன். பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தவன், 'பதினாலு முதலாளி, மறந்துட்டீங்களா?'ங்கறான். எனக்கு ஞாபகப்படுத்தறானாம்!"

"பாவம், உதவி பண்ணியிருக்கான்," என்றான் கிரீஸ்.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். கிரீஸ் கூரையைப் பார்த்தான்.

கேரண்டி சட்டைப் பையிலிருந்து மூன்று பக்கப் புகாரை எடுத்து நீட்டினார். கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி இடம் விட்டிருந்தார்.

"நீங்க ஒரே ஒரு வரி எழுதி சீல் போட்டாப் போதும். 'வேண்டுமென்றே அழிக்கப்பட்டது.' நாலு மணிக்கு அந்தம்மா கடைசியா ஓட்டிப் பாக்க வர்றாங்க. அவங்ககிட்ட என் மானம் போற அதே நேரத்துல அவன் மானமும் போகணும். நேரா ஸ்டேஷன். அப்படியே நம்ம வியாபாரிங்க குரூப்ல அவன் போட்டோ. அப்புறம் எந்தப் பட்டறையில அவன் ஸ்பேனர் பிடிக்கறான்னு பாக்கறேன்."

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று.

"பேனலைத் திறங்க."

மெஷினின் முதுகுப் பக்கம் சுவரோடு ஒட்டி இருட்டாக இருந்தது. கேரண்டி முழங்கை நீள டார்ச்சை ஆணியிலிருந்து எடுத்து அடித்தார். வெளிச்சம் பளீரென்று உள்ளே பாய்ந்தது. அண்ணி தலையை நுழைத்தாள். கிரீஸ் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஒயர்கள், கார்டுகள், நாற்பது வகை எறும்பு எழுத்து. அவனுக்கு எண்ணெயில் இருந்த ஞானம் கரண்டில் கிடையாது.

பேனல் கதவின் உள்பக்கம் முழுக்கப் பழுப்பு. நடுவில் ஒரு காகித அளவுக்கு மட்டும் சுத்தம். நான்கு மூலையிலும் டேப் ஒட்டியிருந்த தடம்.

"ஷீட் எங்க?" என்றாள் அண்ணி.

"அதைத்தான் சொல்றேன், காணோம்!"

இந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டர் மெஷின்களில் இது ஒரு வழக்கம். மெஷினைப் பற்றி அதற்கே சொல்லும் எண்கள் சில நூறு உண்டு. எவ்வளவு வேகம், எங்கே நிற்க வேண்டும், தேய்மானத்துக்கு எவ்வளவு ஈடு என்று. அவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குள் ஒட்டிவைப்பார்கள். மெஷினுக்கு மறந்தால் மனிதன் அதைப் பார்த்துத் திரும்ப ஏற்றலாம்.

"செஞ்ச கம்பெனியைக் கேட்டா?"

"கம்பெனியே மூடி ஆறு வருஷம் ஆச்சு."

அண்ணி கீழே இருந்த சின்ன டப்பாவின் மூடியைத் திறந்தாள். உள்ளே தடித்தடியாக மூன்று பேட்டரி. கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்ததுபோல மின்னின. ஒன்றை விரலால் உருட்டிப் பார்த்தாள். மூடியைத் திரும்பப் போட்டாள்.

"இதுல கடைசியா கை வெச்சது யாரு?"

"அவன்தான். நான் நேத்து உக்காந்து தொடைச்சேன், பாலிஷ் போட்டேன், புதுசு மாதிரி ஆக்கினேன். அவ்வளவுதான். அதுவும் மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் தொடுவேன். எனக்குக் கல்யாண வயசுல ரெண்டு பொண்ணு இருக்கு."

"ஜாக்கிரதையான ஆள்," என்றாள் அண்ணி.

"கேரண்டி."

வெளியே வரும்போது கிரீஸ் சுற்றிலும் பார்த்தான். அந்த இடத்தில் எதையும் தூக்கிப் போட்ட அடையாளமே இல்லை. நல்ல போல்ட் ஒரு டின்னில், உடைந்த போல்ட் ஒரு டின்னில், எதுவென்று தெரியாத போல்ட் மூன்று டின்னில். பதினொரு வருடத்துக் காலண்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே ஆணியில். தேநீர் வந்த காகிதக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"அண்ணி, இந்த ஆளு மெக்கானிக்கை மட்டும் எப்படித் தூக்கிப் போட்டாரு?"

"வண்டியை எடு."

*

மெக்கானிக் வீடு மாடியில் இரண்டு அறை. முன்னறைத் தரையில் விரித்திருந்த செய்தித்தாளில் மனைவியின் தையல் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கலாம். விரல் நுனிகளில் சோப்புக்குப் பணியாத கறுப்பு.

"மூணு நாளா வீட்ல இருக்கறதையெல்லாம் பிரிச்சுக்கிட்டிருக்கார்," என்றாள் மனைவி. "அடுத்தது நான்தான்."

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. "அந்த மெஷினிங் சென்டருக்கு மெமரி மொத்தமா போயிடுச்சு. நீங்கதான் அழிச்சீங்கன்னு உங்க முதலாளி நாலு மணிக்குப் புகார் கொடுக்கப் போறார்."

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்க்ரூ தாளில் விழுந்து உருண்டது.

"போலீஸா?" என்றாள் மனைவி. "வர்ற திங்கக்கிழமை புது இடத்துல சேரணுங்க. அவங்க விசாரிச்சாங்கன்னா..."

"நீ சும்மா இரு," என்றான் மெக்கானிக். பிறகு அண்ணியிடம், "மேடம், பேட்டரியைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். புதுசு."

"மேல தேதி எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப நான் போட்டதில்ல. நான் எந்த பேட்டரி போட்டாலும் கறுப்பு மார்க்கர்ல தேதி எழுதுவேன். அதுல போட்டது போன வருஷம். இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா வரும். எவன் கழட்டினான்?"

"நல்ல கேள்வி," என்றாள் அண்ணி. தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஆனா அது உங்க ரெண்டாவது கேள்வியா இருந்திருக்கணும்."

"புரியலங்க."

"மெமரி போச்சுன்னு சொன்னா, உலகத்துல எந்த மெக்கானிக்கும் முதல்ல என்ன கேப்பான்? 'கதவுல ஷீட் இருக்கில்ல?' அதைத்தானே கேப்பான்? நீங்க கேக்கல. ஷீட் இல்லன்னு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்."

மெக்கானிக் தையல் மெஷினின் ஒரு பல்சக்கரத்தை எடுத்துத் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

மனைவி எழுந்து உள்ளே போனாள். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளோடு திரும்பி வந்தாள். மூலைகளில் டேப் தொங்கியது.

"இதைத்தானே கேக்கறீங்க? திங்கக்கிழமை வந்ததும் வராததுமா அலமாரியில என் துணிக்கு அடியில செருகினார். வேற ஏதோ காகிதம்னு நான் பாத்தா வெறும் நம்பர். எண்ணெய்க் கறை வேற ஏறிப்போச்சு. லவ் லெட்டரா இருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்."

"அடிப்பாவி," என்றான் மெக்கானிக், முனகலாக.

"கிளம்புங்க," என்றாள் அண்ணி.

"எங்க?"

"உங்க முதலாளிகிட்ட."

*

கார் சிக்னலில் நின்றது. பின்சீட்டில் மெக்கானிக், மடியில் தாள். கிரீஸ் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே யோசித்தான்.

"அண்ணி, எனக்குச் சரியா வரல. இந்தப் பேப்பரைக் குடுத்தா திருட்டுக்கு இவரே சாட்சி, ஆள் உள்ள. குடுக்கலேன்னா மிஷின் பிணம், அப்பவும் ஆள் உள்ள. எந்தப் பக்கம் போனாலும் இவரு..."

"நான் இங்கதான் இருக்கேன்," என்றான் மெக்கானிக்.

"தெரியும் தலைவா. உங்களுக்காகத்தான் கவலைப்படறேன்."

"தம்பி," என்றாள் அண்ணி, கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி, "தடியா இருக்கற பேட்டரி இந்தக் காலத்துல எதுக்கெல்லாம் ஆகும்?"

"சுவர்க் கடிகாரம்?"

"அதுக்குச் சின்னது."

"ரிமோட்?"

"அதுக்கு அதைவிடச் சின்னது."

"பழைய ரேடியோ. ஆனா யாரு வெச்சிருக்கா? ஏன் அண்ணி?"

"பச்சை விழுந்துடுச்சு. ஓட்டு."

மூன்று ஐம்பதுக்குப் பட்டறை வாசலில் இறங்கினார்கள். கேரண்டி மாற்றுச் சட்டை போட்டுத் தலைவாரி, புகாரோடு தயாராக நின்றார். மெக்கானிக்கைப் பார்த்ததும் அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது.

"பிடிச்சுக்கிட்டே வந்துட்டீங்களா! உங்களைப் பத்திச் சொன்னது வீண் போகல. ஒப்புக்கிட்டானா?"

"பாதி," என்றாள் அண்ணி. "மீதி உங்ககிட்ட இருக்கு. அந்த டார்ச்சைக் குடுங்க."

கேரண்டி ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அண்ணி மெஷின் பக்கம் போவாள் என்று கிரீஸ் எதிர்பார்த்தான். அவள் நின்ற இடத்திலேயே டார்ச்சின் பின்மூடியைத் திருகிக் கழற்றினாள். குழாயைச் சாய்த்தாள். தடித்தடியாக மூன்று பேட்டரி அவள் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. மூன்றின் மேலும் கறுப்பு மார்க்கரில் போன வருடத்துத் தேதி.

மெக்கானிக் எட்டிப் பார்த்தான். "என் எழுத்து."

"எப்ப மாத்தினீங்க முதலாளி?" என்றாள் அண்ணி.

கேரண்டிக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. அவர் குரலில் பெருமைகூட இருந்தது. "நேத்துதான். அந்தம்மா எல்லாத்தையும் திறந்து திறந்து பாக்கற ஆளு. புது பேட்டரி போட்டு வெச்சா ஒரு மதிப்பா இருக்குமேன்னு நானே வாங்கிப் போட்டேன். பழசுல இன்னும் உயிர் இருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல."

"மெயினை ஆஃப் பண்ணிட்டு."

"பின்ன? ஷாக் அடிச்சா? பழசைக் கழட்டி, டப்பாவுக்குள்ள துருவெல்லாம் தொடைச்சு, கொஞ்ச நேரம் காய விட்டுப் போட்டேன். அரைகுறையா எதையும் பண்ற பழக்கம் நம்மகிட்ட இல்ல."

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கிருந்த ஒரு லேத்தின் மேல் சாய்ந்தான்.

"அந்த மூணு பேட்டரிதான் அதுக்கு ஞாபகம், முதலாளி," என்றாள் அண்ணி. "கரண்ட் இல்லாத நேரத்துல அதுதான் நம்பரையெல்லாம் பிடிச்சு வெச்சிருக்கும். வேற எதைத் தொட்டாலும் மெயினை ஆஃப் பண்ணணும். இதை மட்டும் மிஷின் ஆன்ல இருக்கும்போது மாத்தணும். கரண்டையும் நிறுத்தி பேட்டரியையும் உருவினா, அதுக்குப் பேரு வெச்சவனைக்கூட ஞாபகம் இருக்காது. நீங்க அதைக் காய வேற விட்டிருக்கீங்க."

கேரண்டி மெஷினைப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். பிறகு டார்ச்சைப் பார்த்தார், அதுதான் காட்டிக்கொடுத்தது என்பதுபோல.

"அந்த வெளிச்சத்துலதான் எனக்கு உள்ளே காட்டினீங்க," என்றாள் அண்ணி.

அவள் புகாரை அவர் கையிலிருந்து வாங்கி லேத்தின் மேல் வைத்தாள். விட்டிருந்த இரண்டு வரி இடத்தில் எழுதி சீல் போட்டாள். கிரீஸ் தலையைச் சாய்த்து வாசித்தான்:

'வேண்டுமென்றே அழிக்கப்படவில்லை. மிகுந்த அக்கறையோடு அழிக்கப்பட்டுள்ளது.'

"ஷீட்!" கேரண்டிக்குத் திடீரென்று உயிர் வந்தது. "ஷீட்டைத் திருடினது யாரு? அது இருந்திருந்தா நானே ஏத்தியிருப்பேன்ல? அதுக்கு என்ன சொல்றீங்க? கேரண்டியா அது திருட்டுதான்! வேற புகார் எழுதறேன்!"

யாரும் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. வால்வு கம்பெனி அம்மா இறங்கினார். ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடி, கையில் அளவு பார்க்கும் கருவிப் பெட்டி. சரியாக நான்கு மணி. உள்ளே வந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். மெக்கானிக்கிடம் வந்ததும் முகம் தெளிந்தது.

"அப்பாடா, நீங்க இருக்கீங்களா? நீங்க வேலையில இல்லன்னு யாரோ சொன்னாங்க. அப்படின்னா இந்த மிஷினே வேணாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." கேரண்டி பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க. முப்பது வருஷமா பழைய மிஷின்தான் வாங்கறேன். விக்கறவங்க முன்னாடியே உண்மையான வயசைச் சொன்ன ஆளை இப்பதான் பாத்தேன். இவர் ஓட்டிக் காட்டினா எடுத்துக்கறேன்."

கேரண்டி லேத்தின் மேல் கை நீட்டினார். மூன்று பக்கப் புகார் நான்காக, எட்டாக மடிந்து கால்சட்டைப் பைக்குள் போனது. அதைக்கூட அவர் கிழித்துப் போடவில்லை.

"இருக்காரே," என்றார். "நம்ம பையன்தான். லீவுல இருந்தாரு. ஒரு சின்ன வேலை பாக்கி, ஒரு மணி நேரம். அதுவரைக்கும் ஆபீஸ்ல உக்காருங்கம்மா, ஃபேன் போடறேன்."

அம்மா ஆபீசுக்குள் போனார். மெக்கானிக் அசையவில்லை.

"ஏத்துப்பா," என்றார் கேரண்டி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அந்தப் போட்டோ?"

கேரண்டி செல்போனை எடுத்து, குரூப்பில் போடத் தயாராக வைத்திருந்ததை எல்லோர் கண்ணெதிரிலும் அழித்தார்.

"புது இடத்துலேருந்து போன் பண்ணிக் கேட்டா?"

"நல்லபடியாச் சொல்றேன்பா."

"என்ன சொல்வீங்க?"

"உண்மையைச் சொல்லுவான்னு சொல்றேன். அது அவங்களுக்கு நல்லதான்னு அவங்களே பாத்துக்கட்டும்."

மெக்கானிக் சட்டைக் கையை மடித்தான். தாளைக் கேரண்டியிடமே நீட்டினான். "நீங்க படிங்க, நான் அடிக்கறேன்."

"நானா?"

"ரெண்டு பேர் வேணுங்க. ஒருத்தரே படிச்சு ஒருத்தரே அடிச்சா தப்பு வரும்."

அப்படித்தான் அந்த மாலையில் பட்டறை முதலாளி மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எண்ணெய்க் கறைக்குள்ளிருந்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "ஒண்ணு. பூஜ்யம். பூஜ்யம். ஒண்ணு."

"சத்தமா."

"ஒண்ணு! பூஜ்யம்! பூஜ்யம்! ஒண்ணு!"

"அடுத்தது."

முதல் நூறுக்கு வேர்வை வழிந்தது. இருநூறில் தண்ணீர் கேட்டார். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அம்மாவோடு பேசப் போனாள். கிரீஸ் மெக்கானிக்கின் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தான். பல மாதங்களாக எதைப் பார்த்தும் அவனுக்கு இவ்வளவு திருப்தி ஏற்பட்டதில்லை.

இருநூற்றுப் பதினேழாவது எண்ணில் ஒரு கறை. "மூணு, எட்டு, ரெண்டு," என்றார் கேரண்டி.

மெக்கானிக்கின் விரல் தயங்கவில்லை. கிரீஸ் திரையைப் பார்த்தான். மூன்று, ஆறு, இரண்டு.

கிரீஸ் நகர்ந்து கேரண்டியின் கையிலிருந்த தாளை உற்றுப் பார்த்தான். கறைக்கு அடியில் இருந்தது ஆறுதான்.

அதற்குப் பிறகு அவன் மெக்கானிக்கின் விரல்களையே கவனித்தான். பாதி எண்களை அவை கேரண்டி வாயைத் திறப்பதற்கு முன்பே அடித்து முடித்துவிட்டுக் காத்திருந்தன.

ஐந்தே காலுக்கு மெக்கானிக் மெஷினை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டான். சிவப்பு எச்சரிக்கை போயிருந்தது. பட்டனைத் தொட்டான். மேடை அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்பி, இடப்பக்கம் நகர்ந்து, தன் இடம் வந்ததும் நின்றது. ஆபீசிலிருந்து அம்மா கருவிப் பெட்டியோடு எழுந்து வந்தார். கேரண்டி ஸ்டூலிலிருந்து எழ முயன்று, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

மெக்கானிக் பேனல் கதவின் உள்பக்கம், சுத்தமாக இருந்த அந்தக் கட்டத்தில் தாளை வைத்து டேப் ஒட்டினான். கிரீஸ் அவன் காதருகே குனிந்தான்.

"யோவ், எல்லாமே உனக்கு மனப்பாடமா?"

"இதே மாடல்ல பதினோரு மிஷினுக்கு நம்பர் ஏத்தியிருக்கேன். இதுக்கு மட்டும் நாலு தடவை."

"அப்புறம் இந்தப் பேப்பர் உனக்கு எதுக்குய்யா? வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய், பொண்டாட்டி துணிக்கு அடியில ஒளிச்சு, போலீஸ் வரைக்கும் போகப் பாத்து..."

மெக்கானிக் கடைசி மூலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான்.

"எனக்கு எதுக்குங்க?" என்றான். "அவர்கிட்ட இருக்கக்கூடாதுன்னுதான் எடுத்தேன்."